பேசாத நோயும் பேசவேண்டிய நாமும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை விலங்கியல் மாணவி ஒருத்தி)

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில், பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிற்றூர். பொங்கலையொட்டிக் காஞ்சி வரதராசப் பெருமாள் பாரிவேட்டைக்கு எழுந்தருளும் நாளில் மட்டும் ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கும். மற்ற நாள்களில் எங்கள் ஊரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கல்வெட்டுப் படிக்கிறவர்கள்தாம். வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், வீரராசேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அதிலே ஒரு கல்லூரியும் அதன் மாணவர் விடுதியும் ஒரு மருத்துவமனையும் பேசப்படுகின்றன. அந்த மருத்துவமனையில் 15 படுக்கைகள், நாடி பார்க்க ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். ஏறத்தாழ இருபது வகை மருந்துகள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. இரவில் எரிய ஒரு விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கியிருந்தார்கள்.

வரலாற்றுப் பேராசிரியர்கள் இதைச் சொல்லும்போது வகுப்பில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பேன். எங்கள் ஊர் அல்லவா? ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன்பிருந்து அந்தப் பெருமையோடு ஒரு வருத்தமும் சேர்ந்துகொண்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவமனை கண்ட ஊரில் பிறந்த என் பெரியம்மா, தன் நோயின் பெயரைத் தன் கணவரிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு இறந்துபோனார். அந்த வெட்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். இது கல்லூரி மலருக்கு ஏற்ற பொருளா என்று சிலர் கேட்டார்கள். கல்லூரி மலரில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது என்பது என் மறுமொழி.

பெரியம்மாவின் கதை

பெரியம்மா வாழ்க்கைப்பட்டது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெசவாளர் வீட்டில். பெரியப்பா தறியில் இருப்பார். பெரியம்மா தார் சுற்றுவார், பாவு பிணைப்பார், சமைப்பார், பிள்ளைகளைப் பார்ப்பார். விடுமுறைக்குப் போனால் தறிச் சத்தத்தில்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அவருக்கு நெடுநாளாக வெள்ளைப்படுதல் இருந்தது. பழைய சேலையைக் கிழித்துத் துணி வைத்துக்கொள்வார். அதை மற்ற துணிகளோடு உலர்த்தாமல், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து உலர்த்துவார். "உடம்பு சூடு" என்பார். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார், இளநீர் குடிப்பார், வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். அம்மா ஒருமுறை டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டபோது, "இதெல்லாம் பொம்பளைங்களுக்கு இருக்கிறதுதானே, இதைப் போய் ஆம்பளை டாக்டர்கிட்ட எப்படிடி சொல்றது? இந்தப் பாவு இறங்கட்டும், பார்க்கலாம்" என்றார். ஒரு பாவு இறங்கினால் அடுத்த பாவு ஏறும். நெசவாளர் வீட்டில் பாவுக்கு ஓய்வு ஏது?

மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 53 வயதில், மீண்டும் இரத்தப்போக்கு வந்தது. "நின்னுபோனது திரும்ப வருது" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். பெரியப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒரு மருத்துவரிடம் அம்மாவே கூட்டிப்போனார். அவர் பரிசோதித்துப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பரிசோதிக்கச் சொல்லி இவர்களும் கேட்கவில்லை. இருவர் பக்கமும் வெட்கம். அதிலே எட்டு மாதங்கள் கழிந்தன. பிறகு இடுப்பு வலி தாங்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போனபோது கருப்பைவாய்ப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்றார்கள். கதிர் வைத்தார்கள். பதினான்கு மாதங்கள் இருந்தார். நான் பிளஸ் டூ தேர்வு எழுதிய ஆண்டு அது.

யாரையும் குற்றஞ்சாட்ட நான் இதைச் சொல்லவில்லை. பெரியம்மா படித்தவரல்லர், ஆனால் அம்மா பத்தாவது வரை படித்தவர், நான் பிளஸ் டூவில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தவள். எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தவளையின் இனப்பெருக்க மண்டலத்தைப் படம் போட்டுப் பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு, என் பெரியம்மாவின் உடம்பைப் பற்றித் தெரியவில்லை. அது யார் குற்றம்?

நம்முள் வாழும் காவலர்கள்

இக்கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் படித்த பிறகுதான், "சூடு" என்று பெரியம்மா சொன்னதற்குள் எவ்வளவு பெரிய அறிவியல் மறைந்திருந்தது என்று தெரிந்துகொண்டேன். இயன்றவரை எளிமையாகச் சொல்கிறேன்.

பாலைத் தயிராக்கும் பாக்டீரியாவை நாமறிவோம். அதே குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா ஆரோக்கியமான பெண்ணின் யோனிக்குழலில் இயல்பாகவே வாழ்கிறது. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் இதை 1892ஆம் ஆண்டிலேயே விவரித்தார். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பின் துணையால் யோனிச் சுவரில் கிளைகோஜன் சேர்கிறது. அது சிதைந்து கிடைக்கும் சர்க்கரையை உண்டு இப்பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அதனால் அவ்விடத்தின் அமிலத்தன்மை 3.5 முதல் 4.5 வரையான பி.எச். அளவில் நிற்கிறது. அந்தப் புளிப்பில் தீய கிருமிகள் பல பெருக இயலா. நம் வீட்டு ஊறுகாய் கெடாமல் இருப்பது எதனாலோ, அதே கணக்கு.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜாக் ரவேல் என்னும் ஆய்வாளர் குழு 396 பெண்களிடம் இந்நுண்ணுயிர்களை மரபணு முறையில் ஆராய்ந்து, அவற்றை ஐந்து கூட்டங்களாக வகுத்தது. நான்கு கூட்டங்களில் லாக்டோபேசில்லஸின் ஏதேனும் ஓர் இனம் ஆட்சி செய்தது. ஐந்தாவதில் அதன் ஆட்சி இல்லை. கார்ட்னரெல்லா, பிரவோடெல்லா முதலிய, காற்றில்லா இடத்தில் வாழும் பலவகைப் பாக்டீரியாக்கள் கலந்திருந்தன. இவ்வகைக் கலப்பு மிகுந்து, மீன் வாடையோடு வெளிறிய நீர்ப்போக்கு உண்டாகும்போது மருத்துவர்கள் அதற்கு பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயரிடுகிறார்கள். நம் வீடுகளில் "வெள்ளை" என்றும் "சூடு" என்றும் சொல்வதில் ஒரு பகுதி இதுதான். எல்லாப் போக்கும் நோயன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாதச் சுழற்சிக்கேற்ப நிறமற்ற, வாடையற்ற போக்கு வருவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டா.

வைரஸும் உறங்கும் காவலும்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மூல காரணம் ஒரு வைரஸ்: ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி. இதைக் கண்டறிந்து சொன்ன ஜெர்மானிய அறிஞர் ஹெரால்டு சூர் ஹாசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. இருநூறுக்கு மேற்பட்ட வகைகளில் ஏறத்தாழ பதினான்கு வகைகள் ஆபத்தானவை. அவற்றிலும் 16, 18 என்னும் இரு வகைகளே உலகில் சுமார் 70 விழுக்காடு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம்.

இந்த வைரஸ் தந்திரமானது. கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பின் வழியாகத் தோலின் அடியடுக்குச் செல்லில் நுழைகிறது. செல்லைக் கொல்வதில்லை, இரத்தத்தில் கலப்பதில்லை, வீக்கமும் காய்ச்சலும் உண்டாக்குவதில்லை. செல் மேலெழும்பித் தானே உதிரும்போது அதனோடு வெளியேறிப் பரவுகிறது. உடலின் காவலர்களாகிய வெள்ளணுக்களுக்கு யாரோ வீட்டுக்குள் புகுந்தார்கள் என்ற அரவமே கேட்பதில்லை. இருந்தும் உடல் தோற்பதில்லை. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டாண்டுக்குள் நோய் எதிர்ப்பாற்றலாலேயே அடங்கிவிடுகின்றன. அடங்காமல் ஆண்டுக் கணக்கில் தங்கிவிடும் சிறு பங்குதான் ஆபத்து. அந்த வைரஸின் இரு புரதங்கள் செல்லின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக உள்ள நம் புரதங்களை முடக்குகின்றன. கடிவாளம் அறுந்த செல், 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாகலாம். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம், குறிப்பாகச் சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. நோயாளிகளிடம், இது 5 முதல் 10 ஆண்டுகளில் நேரலாம்.

பத்துப் பேரில் ஒன்பது பேரிடம் அடங்குகிற வைரஸ் ஒருவரிடம் மட்டும் ஏன் அடங்குவதில்லை? இங்கேதான் முன்சொன்ன பாக்டீரியாக்கள் வருகின்றன. அண்மைக்கால ஆய்வுகள் பலவற்றில், லாக்டோபேசில்லஸ் ஆட்சி குன்றிய பெண்களிடம் எச்.பி.வி. அதிகமாகக் காணப்படுவதும், நெடுநாள் தங்குவதும் தெரிய வந்துள்ளது. கலப்புப் பாக்டீரியாக்கள் சில சுரக்கும் நொதிகள் கருப்பைவாயைக் காக்கும் சளிப்படலத்தைக் கரைக்கின்றன. அமிலம் குறைகிறது. அவ்விடத்தில் ஓயாத அழற்சி ஏற்பட்டு இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருள்கள் பெருகுகின்றன. எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டதே, நல்லதுதானே என்று தோன்றும். அன்று. அது வைரஸைக் குறிவைத்த போர் அன்று, இலக்கில்லாத கூச்சல். இரவெல்லாம் குரைத்துக்கொண்டிருக்கும் நாயால் வீட்டுக்காரனுக்குத் தூக்கம் கெடுமே தவிரத் திருடன் பிடிபடுவதில்லை. ஓயாத அழற்சி திசுவையே நைந்துபோகச் செய்கிறது.

எங்கள் ஊரில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. இந்நோயிலும் வைரஸ், நுண்ணுயிர்ச் சமநிலை, நோய் எதிர்ப்பாற்றல் என்னும் மூன்றும் கூடுகின்றன. ஓர் ஆற்றை மட்டும் பார்த்து வெள்ளத்தைக் கணிக்க முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். சமநிலை கெட்டதால் வைரஸ் தங்குகிறதா, வைரஸ் தங்கியதால் சமநிலை கெடுகிறதா என்பதில் அறிவியல் இன்னும் முடிவான விடை கூறவில்லை. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கலாம். பெரியம்மாவின் வெள்ளைப்படுதலே புற்றுநோயாயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளைப்படுகிற பெண்கள் கோடிப்பேர். அவர்களில் மிகமிகச் சிலருக்கே இந்நோய் வருகிறது. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் போக்குக்காக அவர் ஒருமுறை மருத்துவமனைப் படியேறியிருந்தால், யாராவது ஒருவர் கருப்பைவாயைப் பார்த்திருப்பார். பார்த்திருந்தால், பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டிருப்பார்கள்.

வெட்கம் யாருடையது?

இந்த மௌனம் எங்கள் வீட்டில் மட்டும் இருந்ததன்று. மராட்டிய மாநிலம் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்கும் அவர் குழுவினரும் இரண்டு சிற்றூர்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் 92 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையேனும் அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 விழுக்காடு மட்டுமே. நூற்றில் தொண்ணூற்றிரண்டு பேருக்கு நோய். எட்டுப் பேருக்கு மட்டுமே பரிசோதனை. இடைப்பட்ட எண்பத்து நான்கு பேரையும் தடுத்தது எது? வறுமை, தூரம், மருத்துவர் இன்மை எல்லாம் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது வெட்கம்.

இவ்வெட்கத்துக்கு உள்ளே ஒரு பயமும் உண்டு. இது உடலுறவால் பரவும் வைரஸ் என்றவுடன் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. "அப்படியென்றால் அவள்..." என்று இழுக்கிறார்கள். இதைவிடக் கொடிய அறியாமை வேறில்லை. மணவாழ்வில் நுழைந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஒருமுறையேனும் இவ்வைரஸ் தொற்றியிருக்கும். கணவர் ஒருவரைத் தவிர வேறெவரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். சளி பிடித்தவரை ஒழுக்கங்கெட்டவர் என்கிறோமா? வைரஸை ஏந்திச் செல்பவர்களில் பாதிப்பேர் ஆண்கள். அவர்களுக்கும் தொண்டைப் புற்றுநோய் முதலியவை இதனால் வருகின்றன. பழி மட்டும் ஏன் பெண்ணுக்கு?

ஆண்களுக்கும் பங்குண்டு என்பதற்கு அண்மையில் ஒரு நல்ல சான்று கிடைத்தது. பாக்டீரியல் வஜினோசிஸ் மருந்து தின்றால் குணமாகும். ஆனால் திரும்பத் திரும்ப வரும். 2025ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மனைவியோடு கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்தபோது 35 விழுக்காடாகக் குறைந்தது. பெண்ணுக்குச் "சூடு" என்று வெந்தயம் கொடுத்து மூலையில் உட்கார வைத்த நம் வீடுகள் இதைக் கேட்டு நாணவேண்டும். இந்த நாணம் நல்ல நாணம்.

இந்த மௌனத்தைப் பயன்படுத்திப் பிழைக்கும் வாணிகமும் உண்டு. அந்த இடத்தைக் கழுவ நறுமணத் திரவங்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். விடுதியில் சில தோழியர் வாங்கி வைத்திருக்கிறார்கள். யோனிக்குழலின் உட்புறத்தைக் கழுவத் தேவையில்லை. அது தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் உறுப்பு. உள்ளே பீய்ச்சிக் கழுவுவது நல்ல பாக்டீரியாக்களையும் அடித்துச் செல்கிறது. அவ்வழக்கம் உடையவர்களிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது. வெளிப்புறத்துக்கு நல்ல தண்ணீர் போதும். நமக்குக் கிடைத்த காவலர்களை நாமே காசு கொடுத்து விரட்டுவானேன்?

தமிழ்நாடு காட்டிய வழி

இது தீர்க்க முடியாத நோயன்று என்பதுதான் என் வருத்தத்தை மேலும் கூட்டுகிறது. தீர்வைக் காட்டியவர்களில் நம் தமிழ்நாட்டு ஏழைப் பெண்களே முன்வரிசையில் நிற்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கின. 30 முதல் 59 வயதுவரையுள்ள சிற்றூர்ப் பெண்களின் கருப்பைவாயில், பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். அது நம் சமையலறை வினிகர்தான். நோய் தொடங்கிய இடம் ஒரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். அங்கேயே உறையவைத்துச் சிகிச்சை செய்தார்கள். 2007ஆம் ஆண்டு வெளியான முடிவு: பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோய் 25 விழுக்காடும், இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. பெரிய இயந்திரம் இல்லை. ஒரு விளக்கு, பஞ்சு, வினிகர், மனமுவந்த செவிலியர். பிறகு மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வு, வைரஸையே கண்டறியும் சோதனையை ஒரே ஒருமுறை செய்தாலும் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று 2009இல் காட்டியது.

பெரியம்மா அம்பிளிக்கைப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாரோ என்று எண்ணாத நாளில்லை. அப்புறம் நினைத்துப் பார்க்கிறேன்: காஞ்சிபுரத்தில் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இருக்கிறது. இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. அவர் வீட்டிலிருந்து மருத்துவமனை தூரமாக இருக்கவில்லை. அவர் வாய்க்கும் எங்கள் காதுக்கும் இடையில் இருந்ததுதான் தூரம்.

தடுப்பூசியும் இருக்கிறது. புனே சீரம் நிறுவனம் உருவாக்கிய இந்தியத் தடுப்பூசிக்கு 2022ஆம் ஆண்டு ஒப்புதல் கிடைத்தது. தமிழக அரசும் 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இத்தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவித்தது. ஸ்காட்லாந்து நாட்டில் 12, 13 வயதில் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடம் ஒருவருக்குக்கூடப் பரவும் கருப்பைவாய்ப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள்.

எதிர்ப்புக்கு என் விடை

இவ்வளவு சொன்னபின்னும் எதிர்ப்பு வரும். வரட்டும், எதிர்ப்பும் கேட்கத்தக்கதே.

முதலாவது, "சிறுமிக்கு இந்த ஊசி போட்டால் ஒழுக்கம் கெடும்" என்பது. அம்மை ஊசி போட்டவள் அம்மையைத் தேடிப் போவாளா? ஒழுக்கம் ஊசியில் இல்லை; வளர்ப்பில் இருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு பொருளுள்ளது. "ஏழைப் பெண்கள்மீது சோதனை செய்து பார்க்கிறார்களே" என்பது. ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதராவிலும் 2009இல் ஒரு தடுப்பூசித் திட்டம் நடந்தது. சில சிறுமிகள் இறந்த செய்தி வந்ததும் 2010இல் அது நிறுத்தப்பட்டது. இறப்புக்கு ஊசி காரணமன்று என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் விடுதி மாணவியருக்குப் பெற்றோரின் ஒப்புதல் பெறாமல் விடுதிக் காப்பாளரே கையெழுத்திட்டது முதலிய முறைகேடுகளை நாடாளுமன்றக் குழு 2013இல் கடுமையாகக் கண்டித்தது. அது சரியான கண்டனம். இதிலிருந்து நான் கற்கும் பாடம் ஊசி வேண்டா என்பதன்று. சொல்லாமல் செய்யாதே, கேட்காமல் போடாதே என்பதுதான். ஏழை என்றும் படிக்காதவர் என்றும் எண்ணி விளக்கம் சொல்லாமல் விடுவதும், பெண் என்று எண்ணிக் கேள்வி கேட்காமல் விடுவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

மூன்றாவது, "இதெல்லாம் மருத்துவர் வேலை, மாணவர்களுக்கு எதற்கு?" என்பது. மருத்துவர் நம் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உலரும் துணியைப் பார்க்கப் போவதில்லை. அதைப் பார்க்கிறவர்கள் நாம். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்ததென்றும், 80,000 பேர்வரை இறந்தார்களென்றும் உலகப் புற்றுநோய்க் கணிப்புக் கூறுகிறது. அவர்கள் எல்லாரும் யாரோ ஒரு மாணவனின் தாய். யாரோ ஒரு மாணவியின் பெரியம்மா.

நாம் செய்யக்கூடியவை

எனவே கல்லூரி முதல்வருக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் சிலவற்றைப் பணிவுடன் வைக்கிறேன். ஆண்டுக்கொருமுறை மகளிர் நோய் மருத்துவர் ஒருவரை அழைத்து உரையாற்றச் செய்யுங்கள். மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு மாணவியருக்கு மட்டும் கதவை மூடிக்கொண்டு நடத்தும் கூட்டமாக அது இருக்க வேண்டா. நாளைய கணவர்களும் கேட்கட்டும். கல்லூரி விழா நாளில் நம் தாய்மார்கள் வருகிறார்கள். அன்று நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், சுகாதாரத் துறையின் துணையோடு, பெண் செவிலியரைக் கொண்டு பரிசோதனை முகாம் ஒன்று அமைக்கலாம். விரும்பினவர்கள், விளக்கம் கேட்டு, ஒப்புக்கொண்டு செய்துகொள்ளட்டும்.

சக மாணவ மாணவியருக்கும் சொல்வேன். இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும், 30 வயது கடந்த உங்கள் தாயிடமோ அத்தையிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "எப்போதாவது பரிசோதனை செய்துகொண்டீர்களா?" முதலில் திட்டுவார்கள். என் அம்மாவும் திட்டினார். "இதுக்குத்தான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேனா?" என்றார். "ஆமாம்மா, இதுக்குத்தான்" என்றேன். மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் காலையில், அடுப்பைப் பார்த்தபடியே, "எந்தக் கிழமை அந்த நர்ஸம்மா இருப்பாங்க?" என்று கேட்டார். போய் வந்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியதும் அம்மா அழுதார். எதற்கு என்று நான் கேட்கவில்லை; எனக்குத் தெரியும். பத்து நிமிட வேலைக்குத்தான் அக்காவைக் கொடுத்துவிட்டோமே என்ற அழுகை அது.

எங்கள் ஊர்க் கல்வெட்டை எழுதுவித்தவர்கள் மருத்துவருக்கும் மருந்துக்கும் மட்டும் வழி செய்து நிறுத்திக்கொள்ளவில்லை. நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில் இரவில் ஒரு விளக்கு எரியவேண்டும் என்பதையும் நினைவில் வைத்து, அதற்கு எண்ணெயும் ஒதுக்கினார்கள். இருட்டில் கிடக்கும் நோயாளிக்கு வெளிச்சமும் மருந்தின் ஒரு பகுதி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. விளக்கை ஏற்றுவது மட்டுமே பாக்கி. அது படித்த நம் வேலை.